பலிபீடத்திற்குப் போகும் வழியில்

சென்ற அக்டோபர் மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. எங்கள் பங்கின் கிளைக்கிராமம் ஒன்றில் செபமாலை அன்னையின் திருவிழாக் கொடியேற்றம். ஆறரை மணிக்குத் திருப்பலி. ஆறு மணி பத்து நிமிடத்திற்கு, பங்கின் பழைய காரை நானே ஓட்டிக்கொண்டு நான்குவழிச் சாலையில் சென்றுகொண்டிருந்தேன். சாலையோரத்தில் ஒரு மிதிவண்டி முறுக்குண்டு கிடந்தது. அதற்கு நாலடி தள்ளி ஒரு மனிதர் கிடந்தார். ஐந்தாறு பேர் சுற்றி நின்றார்கள். ஒருவர் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். குறைத்தேன் என்பதை எனக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. பார்க்காமல் போய்விட்டேன் என்று சொல்லும் வாய்ப்பையும் நான் இழந்துவிட்டேன் என்பதற்காகவே சொல்கிறேன். யாரோ ஆம்புலன்சுக்குச் சொல்கிறார்கள், கொடிமரத்தடியில் ஊரே காத்திருக்கிறது என்று மனம் இரண்டு வாக்கியங்களை எடுத்துக் கொடுத்தது. வண்டி போய்விட்டது. ஆறரை மணித் திருப்பலியை ஆறரை மணிக்கே தொடங்கினேன். கருவுற்றிருந்த அன்னை மரியா, தம் உறவினராகிய எலிசபெத்துக்கு உதவ மலைநாட்டிற்கு விரைந்து சென்றதைப் பற்றி மறையுரை ஆற்றினேன். நன்றாக இருந்ததென்று பலர் சொன்னார்கள்.

மறுநாள் அந்த இடத்திற்குப் போய் விசாரித்தேன். அடிபட்டவர் ஜார்க்கண்ட் மாநிலத்திலிருந்து வந்து நூற்பாலையில் வேலை செய்யும் இளைஞர். சாலையோரத் தேநீர்க் கடைக்காரர், ஆம்புலன்சு வரும்வரை காத்திருந்தால் ஆள் பிழைக்க மாட்டார் என்று அஞ்சி, வழியே வந்த சரக்கு வண்டி ஒன்றை மறித்து, கடையைப் பூட்டாமலேயே ஏறிக்கொண்டு, அந்த இளைஞரின் தலையைத் தம் மடியில் வைத்தபடி 22 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார். இளைஞரின் மொழி அங்கே யாருக்கும் தெரியவில்லை. இவருக்கும் தெரியாதுதான். ஆனாலும் நள்ளிரவு வரை கட்டிலருகில் நின்றிருக்கிறார். இளைஞர் ஒரு காலை இழந்தார், உயிர் தங்கியது. கடையில் அன்று காய்ச்சியிருந்த பால் முழுவதும் வீணாயிற்று. பால் பணத்தையாவது நான் தருகிறேன் என்றேன். அவர் வாங்கவில்லை. “உங்கள் காருக்கும் கையைக் காட்டினேன் சாமி. ஏதோ அவசரம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்” என்று சொல்லி, எனக்கு ஒரு தேநீர் போட்டுக் கொடுத்தார். அவர் கிறிஸ்தவர் அல்லர்.

அடுத்த ஞாயிறு இதை மறைக்காமல் மக்கள் முன் சொன்னேன். கண்டனத்தை எதிர்பார்த்தேன். கிடைத்ததோ ஆறுதல். “நீங்கள் பூசைக்குத்தானே சாமி போனீர்கள், வேறு எதற்கும் போகவில்லையே” என்றார்கள். “போலீசு, கோர்ட்டு என்று உங்களை அலைக்கழித்திருப்பார்கள்” என்றார்கள். “நம் பங்கு ஏழைகளுக்குச் செய்யாததா?” என்றார்கள். பங்குப்பேரவையின் மூத்த உறுப்பினர் ஒருவர், இதையெல்லாம் பீடத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டாம் என்று அன்போடு கடிந்தும் கொண்டார். இந்தக் கட்டுரை அந்த ஆறுதலுக்கு எதிராக எழுதப்படுகிறது. என் குற்றத்தை நான் ஒப்புரவு அருட்சாதனத்தில் அறிக்கையிட்டுவிட்டேன். அது எனக்கும் இறைவனுக்கும் உள்ளது. ஆனால் அந்தக் குற்றத்தை நியாயப்படுத்துவதற்கு என் மக்களிடம் இத்தனை காரணங்கள் தயாராக இருந்தனவே, அவற்றை அவர்கள் யாரிடமிருந்து கற்றார்கள்? எங்களிடமிருந்துதான். ஆகையால் பதில் சொல்லும் கடமையும் எங்களுடையது.

பூசைக்குத்தானே போனீர்கள் என்பதை முதலில் பார்ப்போம். லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வரும் குருவுக்காக வாதாடுவோர் வழக்கமாக ஒன்று சொல்வதுண்டு. பிணத்தைத் தொட்டால் தீட்டு, தீட்டுப்பட்டவர் ஆலயப் பணி செய்ய முடியாது, ஆதலால் அவர் சட்டத்திற்குப் பணிந்து விலகினார் என்பார்கள். லேவியர் நூலின் 21ஆம் அதிகாரம் நெருங்கிய உறவினரின் சடலத்தைத் தவிர வேறு சடலத்தால் குரு தீட்டுப்படலாகாது என்று விதிப்பது உண்மை. ஆனால் லூக்கா ஒரு சிறு சொல்லைப் போட்டு வைத்திருக்கிறார். அந்தக் குரு அவ்வழியே இறங்கி வந்தார். எருசலேம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் இருப்பது. எரிகோ கடல் மட்டத்திற்கும் 250 மீட்டர் கீழே கிடப்பது. எனவே இறங்கி வருபவர் ஆலயத்திலிருந்து திரும்புகிறார் என்று பொருள். அவருடைய பணி முறை முடிந்துவிட்டது. தீட்டுப்பட்டாலும் கெடுவதற்கு அவருக்கு எந்த வழிபாடும் இல்லை. அதுமட்டுமா? அடக்கம் செய்ய ஆளின்றிக் கிடக்கும் சடலத்தைக் கண்டால் தலைமைக் குருவே ஆனாலும் தீட்டைப் பாராமல் அடக்கம் செய்ய வேண்டும் என்று யூத ரபிகளின் மரபான மிஷ்னா கூறுகிறது. செத்தவருக்கே அப்படியானால் குற்றுயிராய்க் கிடப்பவருக்கு எப்படி? ஆக, சட்டம் அவரைத் தடுக்கவில்லை. சட்டத்தை அவர் ஒரு திரையாகப் பிடித்துக்கொண்டார்.

நான் இறங்கி வந்தவன் அல்லன். பலிபீடத்தை நோக்கிப் போனவன். அந்த அளவில் எனக்குச் சலுகை உண்டா? குருமடத்தில் அறநெறி இறையியல் படித்த எவரும் இதற்குத் தடுமாற வேண்டியதில்லை. கடன் திருநாளின் திருப்பலிக் கடமையிலிருந்தே தக்க காரணத்திற்கு விலக்கு உண்டு என்பதைக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2181ஆம் எண்ணில் சொல்லுகிறது. பிறரன்பின் அவசரம் அத்தகைய காரணம் என்று பழைய அறநெறி நூல்கள் எல்லாமே பட்டியலிட்டிருந்தன. கொடியேற்றத் திருப்பலியோ கடன் திருப்பலியும் அன்று. கடமையே விட்டுக் கொடுக்கும் இடத்தில் என் கடிகாரம் விட்டுக் கொடுக்கவில்லை. புனித வின்சென்ட் தே பவுல், பதினேழாம் நூற்றாண்டில் தம் பிறரன்புச் சகோதரிகளுக்குச் சொன்னதும் இதுவே. செப நேரத்தில் ஏழை ஒருவர் மருந்துக்காகக் கதவைத் தட்டினால் செபத்தை விட்டு எழுந்து போங்கள். அப்போது நீங்கள் கடவுளை விட்டுக் கடவுளிடமே போகிறீர்கள் என்ற கருத்தில் அவர் பேசினார். அவர் பெயரால் நம் பங்கில் ஒரு சபை இயங்குகிறது. அதன் கூட்டத்திலும் எவரும் இதை நினைவுகூரவில்லை. ஆண்டவர் இன்னும் கடுமையாகச் சொல்லியிருக்கிறார்: சகோதரரோடு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தாலே காணிக்கையைப் பீடத்தருகில் வைத்துவிட்டுப் புறப்பட வேண்டும். நான் கொண்டுபோன காணிக்கை இன்னும் பீடத்தைக்கூட எட்டவில்லை.

கொடி அரைமணி தாமதமாக ஏறியிருந்தால் என்ன கெட்டிருக்கும்? உபயதாரர்கள் முணுமுணுத்திருப்பார்கள். ஒலிபெருக்கிக்காரர் இன்னும் நான்கு பாடல்களைப் போட்டிருப்பார். அவ்வளவுதான்.

இரண்டாவது, காவல் நிலையமும் நீதிமன்றமும். இந்த அச்சத்தை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன். ஒரு காலத்தில் அதற்கு ஆதாரம் இருந்தது. உதவி செய்யப் போனவரையே இடித்தவர் என்று சந்தேகித்த கதைகளை நம் மூத்தோர் கேட்டிருக்கிறார்கள். ஆனால் காலம் மாறிவிட்டது என்பதைப் படித்தவர்கள்கூட அறியவில்லை. சட்டச் சடங்குகளுக்காகக் காத்திராமல் அடிபட்டவரின் உயிரைக் காப்பதே மருத்துவரின் முதற்கடமை என்று உச்சநீதிமன்றம் 1989இலேயே தீர்ப்பளித்தது. 2016 மார்ச் 30 அன்று, உதவுபவரைக் காப்பதற்கென மத்திய அரசு வகுத்திருந்த நெறிமுறைகளுக்கு அதே நீதிமன்றம் சட்ட வலிமை கொடுத்தது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 134ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு, கைம்மாறு கருதாமல் விபத்தில் சிக்கியவருக்கு உதவுபவர்மீது, அவ்வுதவியின்போது நேரும் தவறுக்காக உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ தொடுக்க முடியாது. பெயரையும் முகவரியையும் கொடுக்கும்படி அவரை வற்புறுத்தக் கூடாது. சாட்சியாக இருப்பது அவர் விருப்பம். தமிழகத்தில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின்படி, விபத்து நிகழ்ந்த முதல் 48 மணி நேரத்திற்கு, அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும் அரசே சிகிச்சைச் செலவை ஏற்கிறது. 108 என்ற எண் 2008 முதல் நம்மிடம் உள்ளது. பிறகு எதற்கு அஞ்சுகிறோம்?

அந்தச் சட்டப்பிரிவு உதவுபவரைக் குறிப்பிடும் பெயரைக் கவனியுங்கள். நல்ல சமாரியர்! இந்தியக் குடியரசின் சட்டப் புத்தகத்தில், சமயம் கேட்காத ஒரு சட்டத்தில், நம் நற்செய்தியிலிருந்து ஒரு பெயர் எடுக்கப்பட்டிருக்கிறது. நாடாளுமன்றத்தில் கைதூக்கிய உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர். அவர்களுக்கு அந்தப் பெயர் புரிந்திருக்கிறது. நாம் அதை ஆண்டுக்கொரு முறை பீடத்தில் வாசித்துவிட்டு நற்செய்தி நூலை முத்தமிடுகிறோம். உதவுபவருக்கு 5,000 ரூபாய் வெகுமதி என்று 2021இல் அரசு அறிவித்தபோது, அதைக் கொள்ளத் தக்கதென்றோ வேண்டாமென்றோ ஞாயிறு முடிந்து ஆலய முற்றத்தில் வாதிட்டவர்களை நான் அறிவேன். எரிகோ சாலையில் நின்றுகொண்டு இரண்டு தெனாரியத்தை யார் திருப்பித் தருவார்கள் என்று பேசுவதுபோல் இருந்தது அது.

இந்த நாட்டில் 2022ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் தமிழகத்தில் இறந்தவர்கள் 17,884 பேர். பெரிய பங்கு ஒன்றின் மொத்த மக்களையும் இரண்டு மூன்று முறை எண்ணினாலும் இத்தொகை வராது. இவர்கள் அனைவரையும் யாராவது நின்றிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. எத்தனை பேரைக் கடந்து எத்தனை வண்டிகள் போயிருக்கும் என்றுதான் கேட்கிறேன். அவற்றில் எத்தனை வண்டிகளின் கண்ணாடிக்கு முன்னால் செபமாலை தொங்கியிருக்கும்?

‘நம் பங்கு செய்யாததா’ என்ற மூன்றாம் ஆறுதல்தான் என்னை மிகவும் வாட்டியது. ஏனெனில் அதில் பாதி உண்மை இருக்கிறது. நம் மக்கள் கொடுக்கிறார்கள். இயற்கைப் பேரிடர் என்றால் இரண்டாம் காணிக்கையில் தாராளமாக இடுகிறார்கள். அன்பியங்கள் அரிசி திரட்டுகின்றன. அன்னையின் திருவிழாவுக்கு அன்னதானம் நடக்கிறது. இவை எவையும் வீண் அல்ல. ஆனால் இவற்றில் கொடுக்கப்படுவது எது? நம்மிடம் மிஞ்சியது. நாம் தீர்மானித்த நாளில், நமக்கு வசதியான நேரத்தில், நன்றி சொல்லும் ஒருவர் கையில் அது கொடுக்கப்படுகிறது. வழியில் கிடக்கும் அந்நியர் நம்மிடம் கேட்பது வேறு. அவர் நம் நேரத்தைக் கேட்கிறார், அதுவும் முன்னறிவிப்பின்றி.

சமாரியர் எதை இழந்தார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எண்ணெயும் மதுவும் அவர் பயணத்திற்கென வைத்திருந்த பொருள்கள். காயத்தைக் கட்டத் துணியை வேறெங்கிருந்து எடுத்திருப்பார்? தம் ஆடையையோ தலைத்துணியையோ கிழித்திருப்பார். அடிபட்டவரைத் தம் விலங்கின்மேல் ஏற்றினார் என்றால், அந்தச் செங்குத்தான சரிவில் அவர் நடந்தார் என்று பொருள். கள்வர் நடமாடும் இடத்தில் மெதுவாக நடந்தார். ஓர் இரவு சாவடியில் தங்கி உடனிருந்து பார்த்துக்கொண்டார். மறுநாள் கொடுத்த இரண்டு தெனாரியம் ஒரு கூலியாளின் இரண்டு நாள் ஊதியம். அதற்கு மேல், இன்னும் எவ்வளவு செலவானாலும் திரும்பி வரும்போது தருவதாக எல்லையில்லாத கடனுக்குக் கையொப்பமிட்டார். முன்பின் தெரியாத ஒருவருக்காக! இந்தப் பட்டியலில் பணம் கடைசியில்தான் வருகிறது. நாமோ பணத்தை முதலில் வைத்து, அதைக் கொடுத்து மற்றதையெல்லாம் விலக்கிக்கொள்கிறோம்.

அவர் இரக்கம் கொண்டார் என்று நாம் மொழிபெயர்க்கும் இடத்தில் கிரேக்க மூலத்திலுள்ள சொல் குடலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. நம் தாய்மார்கள் பெற்ற வயிறு எரிகிறது என்பார்களே, அது. லூக்கா இந்த வினைச்சொல்லை மூன்றே இடங்களில் கையாள்கிறார்: நயீன் ஊர்க் கைம்பெண்ணைக் கண்ட ஆண்டவருக்கு, ஊதாரி மகனைத் தொலைவில் கண்ட தந்தைக்கு, இந்தச் சமாரியருக்கு. புறவினத்தார்போல் ஒதுக்கப்பட்ட ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார் பாருங்கள்.

நம் தியாகங்கள் எத்தகையவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தவக்காலத்தில் நாற்பது நாளும் இறைச்சியை விடுகிறோம்; வஞ்சிர மீனை விடுவதில்லை, விலை அதற்குத்தான் கூடுதல். காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிறோம். கால் கொப்பளிக்க நடப்பது சிறிய காரியம் அன்று; நானும் நடந்திருக்கிறேன். ஆனால் நடையை இடையில் நிறுத்தச் சொன்னால் நேர்ச்சை கெட்டுவிடும் என்கிறோம். நாமே தேர்ந்துகொண்ட துன்பத்தை எவ்வளவும் தாங்குவோம். நம்மீது வந்து விழும் பிறர் துன்பத்தைத் தாங்கமாட்டோம். எசாயா இறைவாக்கினரின் 58ஆம் அதிகாரத்தை ஒவ்வொரு தவக்காலத்திலும் வாசிக்கிறோம். புனித கிறிசோஸ்தோம் மத்தேயு நற்செய்திக்கு ஆற்றிய மறையுரை ஒன்றில், ஆலயத்துக்குள் கிறிஸ்துவின் உடலைப் பட்டால் போர்த்துவிட்டு, வெளியே குளிரிலும் நிர்வாணத்திலும் அவர் வாடுவதைப் பாராதிருப்பதைக் கடிந்தார். பதினாறு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் நம் தேரின் பட்டு விலை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

இன்னும் ஒருவர் சொன்ன ஆறுதலைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. “ஜார்க்கண்டுக்காரர் என்றால் நம் ஆளாகவும் இருக்கலாம் சாமி, அங்கே நிறையக் கத்தோலிக்கர்கள்” என்றார். உண்மைதான். 1885இல் சோட்டாநாக்பூருக்கு வந்த இயேசு சபை அருட்தந்தை கான்ஸ்டன்ட் லீவன்ஸ் காலந்தொட்டு, ஒராவோன், முண்டா, கரியா பழங்குடியினரிடையே திருச்சபை ஆழ வேரூன்றியிருக்கிறது. ஆனால் இச்செய்தி எனக்கு எதற்கு? அவர் கத்தோலிக்கராய் இருந்திருந்தால் என் குற்றம் கூடுதலா, இல்லாவிட்டால் குறைவா? சட்ட அறிஞர் ஆண்டவரிடம், ‘எனக்கு அடுத்திருப்பவர் யார்’ என்று எல்லை கேட்டார். இவரும் அதையே கேட்கிறார். வடக்கிலிருந்து வந்து நம் ஆலைகளிலும் கட்டடங்களிலும் உழைக்கும் இந்த இளைஞர்களை ‘வடக்கன்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது; கேட்டதும் இல்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2020இல் வெளியிட்ட ‘அனைவரும் உடன்பிறந்தோர்’ என்னும் சுற்றுமடலின் இரண்டாம் அதிகாரம் முழுவதையும் இந்த உவமைக்கே ஒதுக்கினார். அதன் தலைப்பே வழியில் கண்ட அந்நியரைப் பற்றியது. நம் மறைமாவட்டத்தில் எத்தனை பங்குகளில் அது வாசிக்கப்பட்டது?

1941ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து கைதி ஒருவர் தப்பியதாகக் கருதப்பட்டது. அதற்குப் பழியாகப் பத்துப் பேரைப் பட்டினியிட்டுக் கொல்லத் தேர்ந்தார்கள். அவர்களில் பிரான்சிஷேக் கயோவ்னிச்செக் என்ற போலந்துப் படைவீரர், தம் மனைவி மக்களை நினைத்து அலறினார். வரிசையிலிருந்து ஒருவர் வெளியே வந்து, அவருக்குப் பதிலாகத் தாம் சாவதாகக் கூறினார். நீ யார் என்று கேட்டபோது அவர் சொன்ன ஒரே அறிமுகம், தாம் ஒரு கத்தோலிக்கக் குரு என்பது. மாக்சிமிலியன் கோல்பே ஏறத்தாழ இரண்டு வாரம் பட்டினி கிடந்து, ஆகஸ்டு 14 அன்று நஞ்சூசி போட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் படைவீரர் அவருக்கு நண்பரோ உறவினரோ அல்லர். 1982 அக்டோபர் 10 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கோல்பேயைப் புனிதராக்கியபோது கயோவ்னிச்செக் உயிரோடு அங்கே இருந்தார். 1995 வரை வாழ்ந்தார். கோல்பே மறைசாட்சியா அல்லவா என்று அப்போது விவாதம் நடந்தது. விசுவாசத்தின்மீது கொண்ட வெறுப்பினால் கொல்லப்பட்டவரே மறைசாட்சி என்பது பழைய இலக்கணம். திருத்தந்தை அவரை மறைசாட்சி என்றே அறிவித்தார். பின்னர் 2017 ஜூலையில், பிறருக்காக உயிரைக் கையளித்தலையே புனிதர் நிலைக்குரிய ஒரு தனி வழியாகத் திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்தினார். அந்நியருக்காகச் சாவது திருச்சபையின் கண்ணில் இவ்வளவு பெரிது. என்னிடம் அன்று கேட்கப்பட்டதோ அரைமணி நேரமும், காரின் பின்னிருக்கையில் கொஞ்சம் இரத்தக் கறையும். கத்தோலிக்கக் குரு என்ற அதே அறிமுகத்தைத்தான் என் வெள்ளை அங்கியும் அந்தச் சாலைக்குச் சொல்லிக்கொண்டு போனது.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். எல்லாரும் எல்லா வேளையிலும் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதில்லை. கைக்குழந்தையோடு போகும் தாயையோ இரவில் தனியே வரும் பெண்ணையோ நான் குறை சொல்லவில்லை. முதுகெலும்பு முறிந்தவரை அறியாமல் புரட்டினால் தீங்கே விளையும். ஆனால் நிற்கலாம். பின்னால் வரும் வண்டிகள் ஏறிவிடாமல் தடுக்கலாம். குருதி பீறிடும் இடத்தில் தூய துணியை வைத்து அழுத்திப் பிடிக்கலாம். 108க்குச் சரியான இடத்தைச் சொல்லலாம். ஆம்புலன்சு வரும்வரை அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். இதற்கு மருத்துவப் படிப்பு வேண்டாம்.

பங்குப்பேரவையில் மூன்று தீர்மானங்களை வைத்தேன். அடுத்த ஆண்டு வேளாங்கண்ணி நடைப்பயணத்தோடு செல்லும் வண்டியில் முதலுதவிப் பெட்டியும் தூக்குப்படுக்கையும் இருக்க வேண்டும். வழியில் விபத்து எதைக் கண்டாலும் வண்டி நிற்க வேண்டும். அதனால் பயணம் ஒரு நாள் பிந்தினாலும் நேர்ச்சை நிறைவேறியதாகவே கொள்ளப்படும். இது ஏற்கப்பட்டது. இளைஞர்களுக்கு முதலுதவிப் பயிற்சி அளிப்பதும் ஏற்கப்பட்டது. மூன்றாவது, சாலையில் ஓர் உயிர் காரணமாகக் குரு தாமதித்தால், மக்கள் அவர் வரும்வரை ஆலயத்தில் செபமாலை சொல்லிக் காத்திருக்க வேண்டும், திருவிழா நாளாயினும் இதற்கு விலக்கு இல்லை என்பது. இதற்கு மட்டும் ஒப்புதல் கிடைக்கவில்லை. வெளியூரிலிருந்து வரும் சிறப்பு விருந்தினர்களை எப்படிக் காக்க வைப்பது என்று கேட்டார்கள். அடுத்த கூட்டம் அடுத்த மாதம் முதல் ஞாயிறு. மீண்டும் வைப்பேன்.